சாம்பல் நிற சாக்ஸ்

அன்புள்ள முரளிக்கு,

நீ வந்துவிட்டுப் போய் பன்னிரண்டு நாளாகிறது. இங்கே எல்லோரும் நலம். தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, விவரத்தை அவனே சொல்வான். நீ விட்டுப்போன துணிகளைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். அதில் ஒரு ஜோடி சாக்ஸ் இருந்தது, சாம்பல் நிறம்.

கால் எப்படி இருக்கிறது?

போனில் இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் ஆபீஸைப் பற்றிச் சொன்னாய். பதவி உயர்வு விஷயத்தை நான் சொல்லாத ஆள் பாக்கியில்லை. அப்பா இருந்திருந்தால் அவரும் அப்படித்தான் சொல்லித் திரிந்திருப்பார். ஆனால் அங்கே நாற்பது பேருக்குப் பதில் சொல்கிறவனுக்கு அம்மா கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் வரவில்லையே.

தினமும் ராத்திரி உள்ளங்காலைப் பார். குனிய முடியாவிட்டால் தரையில் கண்ணாடியை வைத்துப் பார். விரல் இடுக்கையும் விட்டுவிடாதே. வெந்நீரைக் கையால் தொட்டுப் பார்த்த பிறகு காலில் ஊற்று. ஷூ போடும் முன் உள்ளே கைவிட்டுத் துழாவு. வலிக்கவில்லை என்று மட்டும் சொல்லாதே. சர்க்கரை நரம்பைக் கெடுத்த காலுக்கு வலி தெரியாது. வலித்தால்கூட எனக்கு இவ்வளவு பயமிருக்காது. அப்பா ஷூவைக் கழற்றிய அந்தச் சாயங்காலம் பக்கத்தில் இருந்தவன் நீ. அதை நான் மறுபடி எழுத வேண்டாம்.

சாக்ஸை வைத்த பையில்தான் மாத்திரை அட்டைகளும் இருந்தன. தேடிப் பார்த்தேன் என்று நினைக்காதே. முக்கால்வாசி அப்படியே இருந்தது. மெட்ஃபார்மின் வயிற்றைப் பிரட்டுகிறது என்றால் டாக்டரிடம் சொல்லப்பா. சாப்பாட்டோடு போட்டால் தாங்கும், மெதுவாகக் கரைகிற வகையும் இருக்கிறது. நீயாக நிறுத்தாதே. பரிசோதனைக்கு முன்னால் நாலு நாள் வாயைக் கட்டினால் வெறும் வயிற்றுச் சர்க்கரை குறைவாகக் காட்டலாம். எச்பிஏ1சி என்கிற ரத்தப் பரிசோதனை அப்படி ஏமாறாது, அதில் இரண்டு மூன்று மாதத்துக் கணக்கு இருக்கும். உனக்கு 7க்குக் கீழே வர வேண்டும் என்றார்கள். கடைசியாக 9.1 என்று சொன்னாய், அதுவும் எட்டு மாதத்துக்கு முன்னால். கண்ணில் சொட்டு விட்டு விழித்திரையைப் பார்த்தார்களா? சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்த்தார்களா? வருஷத்துக்கு ஒரு தடவையாவது இரண்டையும் பார்க்க வேண்டும். கண்ணும் சிறுநீரகமும் கெட ஆரம்பிப்பது நமக்குத் தெரியாது. உள்ளங்காலைப் பார், மறந்துவிடாதே.

இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் மறைக்கிறாய் என்று கேட்கத்தான் கோபத்தோடு எழுத உட்கார்ந்தேன். அந்த வரியை எழுத வரவில்லை. மறைக்கச் சொன்னவளே நான்தானே.

உனக்கு அப்போது 29 வயது. ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து காட்டினாய். உனக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை நான். கல்யாணம் முடியட்டும், யாரிடமும் மூச்சு விடாதே என்றேன். கவிதாவிடம் சொல்லிவிடட்டுமா என்று நீ இரண்டு தடவை கேட்டாய். உன் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினேன். அப்பாவின் காலைப் பார்த்த பிறகும் வாங்கினேன். உன் நல்லதுக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயம்தான் எனக்கு.

ஆறு வருஷமாகக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு மாத்திரை போடுகிறாய். அவள் பக்கத்திலேயே இருந்த நாட்கள்தானே அந்த அட்டையில் மிஞ்சியிருப்பவை? போன வருஷம் கிளிமிபிரைடு மாத்திரை வேறு சேர்த்திருக்கிறார்கள். அது சில நேரம் சர்க்கரையை மிகவும் தாழ்த்திவிடும். 70க்குக் கீழே போய், வியர்த்து, கை நடுங்கினால் உடனே 15 கிராம் சர்க்கரை உள்ளே போக வேண்டும். 15 நிமிஷம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். நடுராத்திரி நீ உளறினால் கனவு என்று நினைத்து அவள் போர்வையை இழுத்து விடுவாள். அவளுக்கு எப்படித் தெரியும்? இதை நினைத்துத்தான் தூக்கம் வருவதில்லை.

அந்தச் சத்தியம் இனி வேண்டாம், முரளி. அவளிடம் சொல்லிவிடு. கோபம் வரும், வர வேண்டியதுதான். அம்மாதான் மறைக்கச் சொன்னாள் என்று சொல். நானே அவளுக்குப் போன் செய்ய எடுத்தேன், வைத்துவிட்டேன். உன் வாயால் கேட்பதுதான் அவளுக்கு மரியாதை.

அந்த சாக்ஸில் வலது பெருவிரல் படும் இடத்தில் பழுப்பாக ஒரு கறை. மூன்று தடவை துவைத்தும் போகவில்லை. சேறாக இருக்கும் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை.

ஆறு ஜோடி வெள்ளை சாக்ஸ் அனுப்பியிருக்கிறேன். வெள்ளையில் துளி கசிந்தாலும் தெரியும். கடிதம் கிடைத்த அன்றைக்கே டாக்டரிடம் காலைக் காட்டு. கிளம்பும் முன் கவிதாவிடம் காட்டு, அவளையும் கூட்டிப் போ.

அம்மா