செயலாளர் ஆண்டறிக்கை: தண்ணீர்ப் பாட்டிலோடு ஒரு வருடம்

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. மீன்பிடித் தடைக்காலத்தில் உட்கார இடமில்லை. மற்ற மாதங்களில் நாற்காலிகள்தான் வந்திருந்தன. கடற்கரைத் துப்புரவு, பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி எல்லாம் குறையில்லாமல் முடிந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். எல்லோரும் கேட்கும் விஷயத்துக்கு, அதாவது கடல் தண்ணீரை எடுத்து அதில் என்னென்ன மீன் என்று பார்க்கும் நம் முயற்சிக்கு வருகிறேன்.

போன பொதுக்கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, “அந்தக் காலத்துல நம்ம கடல்ல பேச்சாளை இம்புட்டு ஏது? இப்ப வல மடி நெறைய அதுதான். இத யாரு எழுதி வைக்கிறா?” என்றார். கேள்வி நியாயமானது. 1980களின் நடுப்பகுதிவரை பேச்சாளை (மத்தி என்கிற சாளை மீன்) பெரும்பாலும் மலபார்க் கரை மீன். பிறகு அது நம் பக்கமும் பெருகியதை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அது கரைக்கு வந்த மீனின் கணக்கு. வலையில் விழாத மீன் அதில் வராது.

அதற்குத்தான் சுற்றுச்சூழல் டிஎன்ஏ. மீன் உதிர்க்கும் சளி, செதில், கழிவு எல்லாம் தண்ணீரில் கலந்து கிடக்கும். ஒரு லிட்டர் தண்ணீரை வடிகட்டி, வடிதாளில் தங்கும் டிஎன்ஏவைப் படித்தால் அந்தப் பக்கம் என்னென்ன மீன் நடமாடியது என்று தெரியும். ஜப்பானில் மைசுரு விரிகுடாவில் 47 இடங்களில் ஒரே நாளில் எடுத்த தண்ணீரில் 128 இனங்கள் தெரிந்தன. ஆனால் அங்கே 14 வருடம் முங்கிப் பார்த்துப் பதிந்த இனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீரில் அகப்படவில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். “எத்தனை கிலோ, எவ்வளவு நீளம்?” என்று கேட்ட உறுப்பினருக்கும் பதில் இதுதான்: அதைத் தண்ணீர் சொல்லாது.

சரி, நம் கதை. முதல் சுற்றில் ஒரு நாட்டுப்படகில் தென்கடலுக்கு, அதாவது மன்னார் வளைகுடாவுக்குப் போனோம். தீவுகள் பக்கம் போகவில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் கடல் தண்ணீரோடு, சரிபார்க்க ஒரு பாட்டில் வாலை வடித்த நீரையும் வடிகட்டினோம். ஆய்வகத்திலிருந்து முடிவு வந்தபோது மீனே இருக்கக் கூடாத அந்த வெறும் நீரிலும் சாளையின் டிஎன்ஏ இருந்தது! யோசித்துப் பார்த்தால், மத்தியானம் படகிலேயே தூக்குச்சட்டியைத் திறந்து சாளைக் குழம்பு சாப்பிட்டவர்கள் நாங்கள்தான். அதே கையால் பாட்டில் மூடியையும் திறந்திருக்கிறோம். படகின் அடித்தளத்திலும் முந்தின நாள் செதில் ஒட்டியிருந்தது. முதல் சுற்று முழுவதையும் தள்ளிவிட்டோம். செலவு வீண்தான், அதை மறைக்கவில்லை.

இரண்டாம் சுற்றுக்குப் பாட்டில்களைப் பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்து, இடத்துக்கொரு கையுறை மாற்றி, புளிச்சோறு கட்டிக்கொண்டு போனோம். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசிக் கடல் கலங்கியிருந்ததால் அரை லிட்டரிலேயே வடிதாள் அடைத்துக்கொண்டது. முடிவு இன்னும் வரவில்லை. அடுத்த முறை வாடைக்காற்றுக் காலத்தில், தென்கடல் தெளிந்திருக்கும்போது போகலாம் என்பது என் யோசனை.

அப்புறம் பெயர்ச் சிக்கல். தண்ணீரில் கிடைக்கும் டிஎன்ஏவை ஒப்பிட, பெயர் தெரிந்த மீனின் டிஎன்ஏ முதலில் பதிவில் இருக்க வேண்டும். நாம் காரல் என்று ஒரே பெயரில் கூப்பிடுவதிலேயே பத்துக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. பதிவில் இல்லாத இனம், தண்ணீரில் இருந்தாலும் இன்னதென்று தெரியாமலே போகும். அதனால் உறுப்பினர்கள் வலையில் புதிதாக, வித்தியாசமாக எது பட்டாலும் ஒரு போட்டோ எடுத்து, வால் நுனியில் சின்னத் துண்டு வெட்டி, ஆல்கஹால் குப்பியில் போட்டுத் தர வேண்டும். குப்பி அலுவலகத்தில் இருக்கிறது. ஊர்ப் பெயர், பிடித்த இடம், தேதி மூன்றையும் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடுகிறது, ஏற்கெனவே நான்கு குப்பிகள் அப்படி ஊமையாகிவிட்டன.

இரண்டு முறையும் டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்டு படகு தந்த உறுப்பினருக்கும், புளிச்சோறு கட்டித் தந்த அவர் வீட்டம்மாவுக்கும் சங்கத்தின் நன்றி.

இப்படிக்கு,
செயலாளர்