சும்மா இருக்கிற மூளையில ஆண் பெண் பேதம்

ஆசிரியருக்கு வணக்கம். சும்மா இருக்கும்போது ஆம்பளை மூளை ஒரு மாதிரி, பொம்பளை மூளை வேற மாதிரின்னு எழுதுறாங்களே, அதுல பாதி விஷயம்தான் வருது. வித்தியாசம் இருக்குங்க, 1995லயே ரூபன் குர்ங்கற ஆராய்ச்சியாளரோட குழு, மூளையில எந்த இடம் எவ்வளவு குளுக்கோஸ் செலவழிக்குதுன்னு காட்டுற பெட் ஸ்கேன்ல பார்த்தாங்க, ஓய்வுல பெண்களுக்கு சிங்குலேட் பகுதியிலயும் ஆண்களுக்கு டெம்போரல் லிம்பிக் பகுதிகள்லயும் (ரெண்டும் உணர்ச்சியோட தொடர்புள்ள இடங்கள்) குளுக்கோஸ் செலவு அதிகம், ஆனா அது சராசரி, தனித்தனியா பார்த்தா ரெண்டு பக்கமும் கலந்துதான் கிடக்கு. 2015ல டாஃப்னா ஜோயல்ங்கற ஆராய்ச்சியாளரோட குழு மூளை அமைப்பை 1400க்கும் மேல எம்ஆர்ஐ ஸ்கேன்ல பார்த்து முழுக்க ஆண், முழுக்க பெண்ணுன்னு இருக்கிறது ரொம்ப அபூர்வம்னு சொன்னாங்க. அதோட ஸ்கேனுக்குள்ள படுத்திருக்கறவங்களுக்கு பயமா தூக்கமாங்கறதைப் பொறுத்தும் ரீடிங் மாறும். இதையெல்லாம் விட்டுட்டு பொண்ணுங்க மூளையே அப்படித்தான்னு தலைப்பு போட்டா படிக்கிற பிள்ளைங்க நம்பிடும், தயவுசெஞ்சு சராசரிங்கற வார்த்தையை தலைப்புலயே போடுங்க.

இப்படிக்கு, ஒரு வாசகி