மேற்கு பார்த்த வாசல்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அப்பாவின் முழங்கால் வலி இப்போது தேவலை.

போர்ட்லண்டில் வாங்கியிருக்கும் வீட்டின் பின்புறத்தில், நாம் பெரியம்மா என்று அழைக்கும் லக்கோட்டாப் பழங்குடித் தோழியின் வீட்டில் சிறுவயதில் பார்த்ததைப் போலவே நான்கு திசைக்கும் நான்கு நிறத் துணி கட்டி, கொம்புகளை வளைத்து ஒரு வழிபாட்டு இடம் அமைக்கப்போவதாகச் சொன்னாய். சென்ற மாதம் அவர்கள் குடும்பம் புதிதாக அமைத்த இடத்தின் அளவுகளையும் படங்களையும் அனுப்பச் சொன்னாய். படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. சடங்கு நடக்கும் இடத்தில் படம் எடுப்பதில்லை என்பதால் கைபேசியைக் காரிலேயே வைத்துவிட்டுப் போனேன். அளவுகளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அந்த இடம் உருவானதை அருகிலிருந்து பார்த்தபின், அளவுகளைக் கேட்ட உன்னிடம் சொல்லியாக வேண்டியவை சில இருக்கின்றன, கண்ணு.

பெரியம்மாவின் தம்பி இருந்தவரை பழைய இனிபிக் குடிலை, அதாவது சுட்ட கற்களின் நீராவியில் வியர்த்துப் பிரார்த்திக்கும் குடிலை, அவர்தான் நடத்திவந்தார் என்பது உனக்கு நினைவிருக்கும். அவர் இறந்தபின் அந்தச் சட்டகத்தை யாரும் பிரிக்கவில்லை. மண்ணோடு சாயட்டும் என்று விட்டுவிட்டார்கள். ராணுவத்திலிருந்து பேரன் திரும்பி வந்ததும், குடும்பத்துக்கு மறுபடியும் ஒரு இடம் வேண்டும் என்று பெரியம்மா முடிவு செய்தார். உடனே மண்வெட்டியை எடுத்துவிடவில்லை. சிவப்புத் துணியில் ஒரு கைப்பிடிப் புகையிலையை முடிந்து எடுத்துக்கொண்டு, தாய்வழி மாமா முறையாகும் முதியவர் ஒருவரின் வீட்டுக்குப் போனார். நாம் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதைப் போன்றது அது. அந்த முடிச்சைப் பெரியவர் வாங்கிக்கொண்டால் சம்மதம். தொடாமல் விட்டால், காரணம் கேட்காமல் திரும்பிவிட வேண்டும். அவர் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் கையை நீட்டினாராம்.

அவரை எல்லோரும் லெக்ஷி என்று அழைக்கிறார்கள். லக்கோட்டா மொழியில் அது தாயின் உடன்பிறந்தவருக்கு உரிய சொல், நம் மாமாவைப் போல. தந்தையின் சகோதரரை அவர்கள் தந்தையின் பெயராலேயே ‘அத்தே’ என்று அழைக்கிறார்கள், நாம் பெரியப்பா, சித்தப்பா என்பதைப் போல. தாயின் சகோதரியும் அவர்களுக்கு ‘இனா’தான், அதாவது அம்மா. அண்ணனுக்கு ஒரு சொல், தம்பிக்கு வேறொரு சொல். ஆங்கிலத்தில் எல்லோரையும் ‘அங்கிள்’ என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவதைக் கேட்டுச் சலித்த எனக்கு, வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெரியம்மாவிடம் இதைக் கேட்டபோது சொந்த ஊருக்கு வந்துவிட்டதைப் போல இருந்தது. தமிழில் ‘முறை’ என்ற சொல்லுக்கு உறவு என்றும் பொருள், ஒழுங்கு என்றும் பொருள். யார் எனக்கு என்ன முறை என்று தெரிந்தால்தான் நான் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதும் தெரியும். லக்கோட்டா வழிபாட்டில் அந்த இரண்டு பொருளும் பிரிவதே இல்லை. அவர்களுடைய ஒவ்வொரு பிரார்த்தனையும் ‘மித்தாக்குயே ஒயாசின்’, எல்லோரும் என் உறவுகள், என்ற சொல்லோடுதான் நிறைவடைகிறது. மரம், கல், பறவை, நீர் எல்லாம் அந்த ‘எல்லோரில்’ அடக்கம்.

இடம் தேர்ந்தெடுப்பதற்காகவே லெக்ஷி மூன்று முறை வந்தார். வந்தவர் எதையும் அளக்கவில்லை. விடியற்காலையில் ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காற்று எங்கிருந்து திரும்புகிறது, மழைநீர் எங்கே தேங்குகிறது, எந்தப் பறவை எங்கே கூடு வைத்திருக்கிறது என்பதையெல்லாம் பார்த்தார். கடைசியில் ஓடைக்கு மேலே, ஆஷ் மரங்களுக்குப் பின்னால், சாலையும் வீட்டு விளக்கும் கண்ணில் படாத ஒரு சிறிய சமதளத்தைக் காட்டினார். இவ்வளவு மறைவாக எதற்கு என்று பேரன் கேட்டதற்கு, “என் தாத்தா இப்படித்தான் பள்ளங்களில் ஒளிந்து பிரார்த்தனை செய்தார், என் கால்கள் இன்னும் அங்கேயே போகின்றன” என்றார். 1883-ல் அமெரிக்க அரசு கொண்டுவந்த விதிகளின்படி சூரிய நடனமும், மருத்துவர்களான அவர்களுடைய பூசகர்கள் நடத்திய சடங்குகளும் குற்றமாகின. செய்தால் ரேஷன் நிறுத்தம், மீறினால் சிறை. 1934-ல்தான் அந்தத் தடை தளர்ந்தது. பழங்குடிகளின் சமய உரிமையைக் காப்பதற்கென ஒரு சட்டம் 1978-ல்தான் வந்தது. நான் பிறந்து பல ஆண்டுகள் கழிந்த பின்பு வந்த சட்டம் அது என்பதை நினைத்துப் பார்.

ஜூன் மாதத்து சனிக்கிழமை ஒன்றில் நானும் அப்பாவும் போனோம். ராப்பிட் சிட்டியிலிருந்து சீனிக் ஊரைத் தாண்டி, பேட்லேண்ட்ஸின் வெளுத்த மண்முகடுகள் வழியாக, லக்கோட்டா மக்களுக்கென ஒதுக்கப்பட்ட பைன் ரிட்ஜ் ரிசர்வேஷனுக்குள் இறங்கும் அந்தச் சாலையில் நீ பின்னிருக்கையில் தூங்கிக்கொண்டே வருவாய். முதல் வேலை சுத்தம் செய்வதுதான். துருப்பிடித்த முள்கம்பி, பழைய டயர், உடைந்த பாட்டில் என்று இரண்டு வண்டிக் குப்பை எடுத்தோம். அதற்குப் பிறகு ‘பெஜி ஹோத்தா’ என்னும் சேஜ் தழையைக் கொளுத்தி, அந்தப் புகையைத் தரையிலும் கருவிகளிலும் எங்கள் ஒவ்வொருவர் மேலும் படரவிட்டார்கள். நான்கு நாட்களாவது மது தொடாதவர்கள் மட்டுமே வேலையில் சேரலாம். மனத்தாங்கல் உள்ள இருவர் அதைத் தீர்த்துக்கொள்ளாமல் ஒரே கொம்பைப் பிடித்து வளைக்கக் கூடாது என்றும் லெக்ஷி சொன்னார். இருவர் தனியே போய்ப் பேசிவிட்டு வந்ததை நான் பார்த்தேன்.

மாதவிலக்கில் இருக்கும் பெண்கள் விலகியிருக்க வேண்டும் என்பதும் உண்டு. நீ இதைப் படித்ததும் பொங்குவாய் என்று தெரியும். நானும் வீட்டுக்கு விலக்காக மூலையில் உட்காரவைக்கப்பட்டு வளர்ந்தவள்தான். பெரியம்மா இதைத் தீட்டு என்று சொல்வதில்லை. அந்த நாட்களில் பெண்ணே தன்னளவில் ஒரு சடங்கு, அவளிடம் உள்ள ஆற்றல் மற்றச் சடங்கின் ஆற்றலைத் திருப்பிவிடும் என்கிறார். என் மனம் இதை முழுவதும் ஏற்றுக்கொண்டுவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் அது அவர்கள் வீட்டுப் பெண்கள் தங்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டியது.

வில்லோக் கொம்புகள் வெட்ட ஓடைக்குப் போனபோது, புதரின் அடியில் ஒரு சிட்டிகைப் புகையிலை வைத்து, எதற்காக வெட்டுகிறோம் என்பதை மரத்திடம் சொல்லிவிட்டுத்தான் கத்தியை எடுத்தார்கள். நீ கேட்ட அளவு இதோ: பதினாறு கொம்புகள். இந்தக் குடும்பத்தில் பதினாறு. வேறு குடும்பங்களில் வேறு கணக்கும் உண்டு. அவற்றை வட்டமாக நட்டு, தலைகளை வளைத்துக் கட்டினால் கவிழ்த்த கூடையைப் போன்ற குடில் கிடைக்கும். வாசல் மேற்கு பார்த்தது. நடுவில் கற்களுக்கான குழி. அந்தக் குழியிலிருந்து எடுத்த மண்ணை வேறெங்கும் கொட்டாமல், வாசலுக்கு முன்னால் ஒரு சிறு மேடாக எழுப்பி, அதன்மேல் காட்டெருமை மண்டையோட்டை வைத்தார்கள். அதற்கும் அப்பால் கற்களைச் சுட வைக்கும் நெருப்புக்குழி. இனிபி என்ற சொல்லுக்குள் உயிர், மூச்சு என்னும் பொருள் இருக்கிறது.

அங்கேதான் நான் ஒரு தவறு செய்தேன். தண்ணீர்க் குடத்தைக் கொண்டுபோன அவசரத்தில், நெருப்புக்குழிக்கும் மேட்டுக்கும் இடையே குறுக்காக நடந்துவிட்டேன். அந்தப் பாதையை யாரும் வெட்டிக் கடக்கக் கூடாது. யாரும் அதட்டவில்லை. லெக்ஷி எழுந்து வந்து என் கையைப் பிடித்து, சூரியன் போகும் திசையிலேயே முழு வட்டமும் சுற்றி அழைத்துவந்து, நான் போக வேண்டிய இடத்தில் நிறுத்தினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. உன் தோட்டத்தில் நீ இதே தவறைச் செய்தால் உன் கையைப் பிடித்து அழைத்துவர அங்கே யார் இருக்கிறார்கள்?

திசைத் துணிகளைச் சோக்செரி என்னும் காட்டுப்பழ மரத்தின் கொம்புகளில் கட்டினார்கள். மேற்குக்குக் கறுப்பு, இடி முழக்கும் மழையின் உறவினர்கள் அங்கிருந்து வருகிறார்கள். வடக்குக்குச் சிவப்பு, கிழக்குக்கு மஞ்சள், தெற்குக்கு வெள்ளை. நிறங்களின் வரிசையும் குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். ஆகவே இணையத்தில் நீ கண்டெடுத்த படத்தில் உள்ளதுதான் சரியான வரிசை என்று எண்ணிவிடாதே. புகையிலை முடிச்சுகளை முந்தின இரவே பெரியம்மாவின் அடுப்படி மேசையில் உட்கார்ந்து கட்டினோம். இரண்டு விரல் அகலத்தில் சதுரமாக வெட்டிய பருத்தித் துணியில் ஒரு சிட்டிகை வைத்து, ஒரு வேண்டுதலைச் சொல்லி, பூக்கட்டுவதைப் போல ஒரே நூலில் சுருக்குப் போட்டு இறுக்க வேண்டும். நூல் நடுவில் அறக் கூடாது. மல்லிகை கட்டிப் பழகிய என் விரல்கள் வேகமாக ஓடுவதைப் பார்த்துவிட்டு, “வேகம் வேண்டாம், ஒவ்வொன்றிலும் ஒரு ஆள் இருக்கிறார்” என்று பெரியம்மா தடுத்தார். அதற்குப் பிறகு மெதுவாகவே கட்டினேன். மஞ்சள் துணியில் உன்னை வைத்துக் கட்டினேன்.

மறுநாள் காலையில் அந்த இடத்துக்கு ஆசி வேண்டும் சடங்கு நடந்தபோது நானும் அப்பாவும் வட்டத்துக்கு வெளியே, மரங்களின் அருகில் நின்றோம். ‘ஹோச்சொக்கா’ என்னும் அந்த நடுவிடத்துக்குள் பழங்குடியினர் அல்லாதவர்கள் வரக்கூடாது என்று, அவர்கள் மரபுக் கதையில் வரும் வெள்ளைக் காட்டெருமைக் கன்றுப் பெண் கொடுத்த புனிதப் புகைக்குழலின் பத்தொன்பதாம் தலைமுறைக் காவலரான ஆர்வல் லுக்கிங் ஹார்ஸ் 2003-ல் அறிவித்திருக்கிறார். இதை ஏற்காத குடும்பங்களும் உண்டு. இந்தக் குடும்பம் ஏற்கிறது. முப்பது ஆண்டுப் பழக்கம் என்பதால் எனக்கு விதிவிலக்கு வேண்டும் என்று தோன்றவே இல்லை. குழலில் புகையிலையை நிறைத்து, மேற்கில் தொடங்கி நான்கு திசைகளுக்கும், வானத்துக்கும், உஞ்சி மக்கா என்னும் பாட்டி பூமிக்கும் பாடினார்கள் என்பது வரை எழுதுகிறேன். அங்கே வேண்டிக்கொண்டவை அவர்களுடையவை.

சாப்பாட்டுக்கு முன்னால் ஒவ்வொரு பதார்த்தத்திலும் கொஞ்சம் எடுத்து ஒரு தட்டில் வைத்து, இறந்தவர்களுக்கென்று மரத்தடியில் கொண்டுபோய் வைத்தாள் ஒரு சிறுமி. அமாவாசையன்று காக்கைக்கு வைத்துவிட்டுக் காத்திருக்கும் உன் பாட்டி அந்த நேரத்தில் என் கண்முன் வந்து நின்றார். கறி சாப்பிடாத எனக்குப் பழக்கூழான வோஜாபியைக் கிண்ணம் நிறையக் கொடுத்தார்கள். பிறகு ‘வொபிலா’, நன்றிக்கடன். புதுமனை புகுவிழாவில் நாம் மொய் வாங்குவோம், அவர்களோ கொடுக்கிறார்கள். கம்பளி, பாத்திரம், நட்சத்திரப் போர்வை என்று ஓராண்டாகச் சேர்த்ததையெல்லாம் பெரியம்மா வந்தவர்களுக்கு வாரி வழங்கினார். கணவரை இழந்த ஓர் அம்மாளுக்குத்தான் மிகச் சிறந்த போர்வை போயிற்று.

இதே குடிலைக் காசுக்கு விற்பவர்களும் இருக்கிறார்கள். 2009-ல் அரிசோனாவில், தலைக்கு 9,000 டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டு நடத்தப்பட்ட ஒரு முகாமில், பிளாஸ்டிக் தார்ப்பாய் போர்த்திய குடிலுக்குள் ஏறக்குறைய அறுபது பேரை உட்காரவைத்ததில் மூன்று பேர் இறந்துபோனார்கள். அதை நடத்தியவர் பழங்குடியினரும் அல்லர். தங்கள் சடங்குகளைச் சுரண்டுவோருக்கு எதிராக லக்கோட்டா மக்கள் 1993-லேயே போர்ப் பிரகடனம் என்ற பெயரில் ஒரு தீர்மானம் நிறைவேற்றியிருந்தார்கள். நீ விற்கப்போவதில்லை, உன் மனம் சுத்தமானது, எனக்குத் தெரியும். ஆனால் பிளாக் ஹில்ஸ் என்னும் கருங்குன்றுகள் அவர்களிடமிருந்து சட்டவிரோதமாகப் பறிக்கப்பட்டவை என்று உச்ச நீதிமன்றமே 1980-ல் ஒப்புக்கொண்டு, பத்துக் கோடி டாலருக்கு மேல் ஈடு தர முன்வந்தபோதும், குன்றுகள் விற்பனைக்கு இல்லை என்று இன்றுவரை அந்தப் பணத்தைத் தொடாமல் இருக்கும் மக்கள் அவர்கள். அந்தக் குன்றுகளின் நடுவே தங்கள் சடங்குகளுக்கு உரிய பெ ஸ்லா புல்வெளி ஏலத்துக்கு வந்தபோது, 2012-ல் பல பழங்குடி அரசுகள் சேர்ந்து 90 லட்சம் டாலர் திரட்டித் தங்கள் சொந்தப் புனித நிலத்தையே விலைகொடுத்து வாங்கின. இத்தனை இழந்தவர்களிடம் மிஞ்சியிருப்பதையும் நாம் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாமா?

அதனால் குடில் வேண்டாம், அம்மா. நான்கு நிறத் துணியும் வேண்டாம். நீ இருக்கும் மண் லக்கோட்டா மண்ணே அல்ல. கொலம்பியா ஆற்றங்கரை சினூக் மக்களின் பூர்வீகம். அவர்கள் அங்கே இன்னும் வாழ்கிறார்கள். அவர்களைத் தேடிப் போய்ப் பழகு. தோட்டத்தில் விளக்கேற்ற ஒரு மாடம் கட்டிக்கொள், துளசி வை, விடியலில் போய் உட்கார். அதற்கு உனக்கு உரிமை இருக்கிறது, முறையும் தெரியும்.

இதை நான் எழுதுவது பெரியம்மாவுக்குத் தெரியும். அவர் கோபப்படவில்லை. “அவள் என்னிடம் அல்லவா கேட்டிருக்க வேண்டும், நானும் அவளுக்கு இனாதானே” என்று மட்டும் சொன்னார். ஆகஸ்ட் மாதம் சோக்செரி பழுத்துவிடும். பறிக்கவும் அரைத்துக் காயவைக்கவும் ஆள் வேண்டும் என்கிறார். ஒரு வார விடுப்பு எடுத்துக்கொண்டு வா. வரும்போது சிவப்புப் பருத்தித் துணி ஒரு முழம் வாங்கி வா, சாயம் போகாததாகப் பார்த்து வாங்கு. புகையிலையை இங்கே வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அம்மா