எல்லாவற்றுக்கும் ஒரே மணியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைப்பேசியால் கவனம் சிதறுவது பற்றிச் சென்ற வாரம் வெளியான கட்டுரையைப் படித்தேன். ஞாயிறுதோறும் அதை அணைத்து வைக்கச் சொல்கிறார் கட்டுரையாளர். கடலூர்க்காரர்களுக்கு இது ஒத்துவராத யோசனை. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான்.

அன்று புதுச்சேரியை அடுத்த நல்லவாடு மீனவ கிராமம் தப்பிய கதை பலருக்கும் நினைவிருக்கும். சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் ஒருவர் செய்தி அறிந்து ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே அமைத்திருந்த தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் உடனே அறிவித்தார்கள். மக்கள் கரையை விட்டு ஓடிப் பிழைத்தார்கள். அலையின் உயரம், காற்றின் போக்கு என்று கடலுக்குப் போகிறவர்களுக்கு வேண்டியதைச் சொல்லிவந்த ஒலிபெருக்கி அது. அதனால்தான் அது பேசியபோது ஊரே காது கொடுத்தது.

இன்று நம் சட்டைப்பையில் இருப்பது அதைவிடப் பல மடங்கு வல்லமை கொண்ட கருவி. ஆனால் புடவைத் தள்ளுபடிக்கும் புயல் எச்சரிக்கைக்கும் ஒரே 'டிங்'! 2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணையின் உபரிநீரால் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது, எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் 2015 வெள்ளத்தின் பழைய வீடியோக்களையும் காலை வணக்கங்களையும் தள்ளித் தள்ளித்தான் கரையோர எச்சரிக்கையைத் தேட வேண்டியிருந்தது. இதற்கு மன அடக்கம் இல்லாததைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு செயலியை நிறுவும்போது 'அனுமதி' என்ற பொத்தான் பெரிதாகக் கண்ணில் படுகிறது; பிறகு அதன் வாயை அடைக்கும் வழியோ அமைப்புகளுக்குள் எங்கோ ஒளிந்திருக்கிறது. அழைப்பையும் குடும்பத்தாரின் செய்தியையும் தவிர மற்றவற்றின் ஒலியை நான் நிறுத்திவிட்டேன். கருவியை அணைக்கத் தேவைப்படவில்லை.

2023 அக்டோபரில் தமிழகத்தில் பேரிடர் எச்சரிக்கைச் சோதனைக்காகக் கைப்பேசிகள் அலறியது நினைவிருக்கலாம். (எங்கள் வீட்டுப் பூனை கட்டிலுக்கடியில் போனது, மாலைவரை வெளியே வரவில்லை.) அந்த ஒலியை உயிர் காக்கும் செய்திக்கென்றே அரசு ஒதுக்கிவைக்க வேண்டும். விழிப்புணர்வு வாசகங்களுக்கும் விழா அறிவிப்புகளுக்கும் அதை எடுத்தால், அதற்கும் காது மரத்துப்போகும்.

இன்னொரு வேண்டுகோள் தங்களுக்கே. கட்டுரை வெளியான அன்று மாலை, தங்கள் செயலியிலிருந்து 'முக்கியச் செய்தி' என்று ஓர் அறிவிப்பு வந்தது. திறந்து பார்த்தால், ஒரு நடிகை விமான நிலையத்தில் நடந்துபோகும் படம். அதையாவது நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.