உன் படிவம் என்னிடம்தான் இருக்கிறது

16.11.2025
ஞாயிறு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். மாடும் கன்றும் நலம். மழை விட்டு விட்டுப் பெய்கிறது. சம்பா பயிர் இதுவரை தப்பித்து நிற்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

போன் இருக்கும்போது இது என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ "ம்" என்கிறாய், நான் "சரி, வைக்கிறேன்" என்கிறேன். அதோடு முடிந்துவிடுகிறது. வாட்ச்மேன் மகன் இரண்டு நாள் லீவில் வந்திருக்கிறான். இன்றைக்கு ராத்திரி மன்னை எக்ஸ்பிரஸில் சென்னைக்குக் கிளம்புகிறான். "கொடுங்கம்மா, அவனைப் பார்த்துக் கொடுத்துவிடுகிறேன்" என்றான். எங்கே பார்ப்பாய் என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். வாக்காளர் பட்டியல் திருத்துகிறார்கள் இல்லையா, அந்த எஸ்.ஐ.ஆர். வேலையில் நம் ஓட்டுச்சாவடிப் பாகத்துக்கு என்னைத்தான் போட்டிருக்கிறார்கள். சத்துணவு அமைப்பாளர் என்று பெயர்தான், ஓட்டு வேலை என்றாலும் எங்கள் தலையில்தான். மதியம் சாப்பாடு முடிந்து, அண்டா கழுவி, எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று போனில் அனுப்பிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போகிறேன். 4ஆம் தேதி ஆரம்பித்தது. டிசம்பர் 4க்குள் எல்லாப் படிவத்தையும் திரும்ப வாங்கி ஏற்ற வேண்டும்.

எல்லா வீட்டிலும் ஒரே கேள்விதான் கேட்கிறேன். மகன் எங்கே இருக்கிறான், அங்கேயே தங்கிவிட்டானா, வந்து போவானா? திருப்பூர் என்கிறார்கள், சிங்கப்பூர் என்கிறார்கள். கீழத்தெருவில் ஒரு பாட்டி, "எந்த ஊர்னு தெரியாது, பணம் மட்டும் வருது" என்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டுப் படிவங்களை அடுக்கும்போது உன் பெயர் வந்தது. அதற்குமேல் சிரிப்பு வரவில்லை.

உன் பெயர் இன்னும் நம் வீட்டு முகவரியில்தான் இருக்கிறது. பழைய பட்டியலில் என் பெயரும் உங்கப்பா பெயரும் அடுத்தடுத்து இருப்பதைக் கண்டுபிடித்து, அந்தப் பாகம் எண், வரிசை எண் எல்லாம் எழுதிவிட்டேன். பிறந்த தேதி எழுதிவிட்டேன். புதிய போட்டோ ஒட்ட ஒரு கட்டம் இருக்கிறது. என்னிடம் இருப்பது பிளஸ் டூ ஹால் டிக்கெட்டுக்கு எடுத்த போட்டோதான். ஒட்டாவிட்டாலும் பரவாயில்லை என்கிறார்கள். கையெழுத்து மட்டும் பாக்கி.

அதை அப்புறம் சொல்கிறேன்.

பள்ளிக்கூடத்துச் செய்தி நிறைய இருக்கிறது. எச்.எம். நாற்காலி ஜூனிலிருந்து காலி. உதவித் தலைமை ஆசிரியர், ஏ.எச்.எம். தான் பொறுப்பு. அவர் பாடம் எடுப்பதா, ஆபீஸ் ஃபைல் பார்ப்பதா என்று தெரியாமல் சாக்பீஸும் கையுமாக நடுவராந்தாவில் நின்றுகொண்டிருக்கிறார். கணக்கு சாருக்குச் செப்டம்பரிலேயே 60 முடிந்துவிட்டது. வருஷத்தின் நடுவில் பிள்ளைகளை விட்டுப் போகக்கூடாது என்று மே வரை மறுநியமனம் கொடுத்திருக்கிறார்கள். உன்னைக் கேட்டார். "அந்தப் பயல் இன்னும் கூட்டல் கழித்தலில் அவசரப்படுகிறானா?" என்றார். நல்ல நிலைமையில் இருக்கிறான் சார் என்றேன்.

ஜூலையில் ஒரு கூத்து. கடைசி பெஞ்ச் என்றே ஒன்று இருக்கக்கூடாது, 'ப' மாதிரி வளைத்துப் போடுங்கள் என்று சொன்னார்கள். எட்டாம் வகுப்பில் 52 பிள்ளைகள். எப்படி வளைப்பது? பி.டி. சாரும் பெரிய பையன்களும் பெஞ்சை இழுத்த சத்தம் சமையல்கூடம் வரை கேட்டது. ஓரத்தில் உட்கார்ந்த பிள்ளை போர்டைப் பார்க்கக் கழுத்தை ஒடித்துக்கொண்டது. பிறகு நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டார்கள், மறுபடி இழுத்தார்கள். தண்ணீர் குடிக்க மணி அடிக்கிறார்களே, 11 மணிக்கு, 1 மணிக்கு, 3 மணிக்கு, அது நல்லது. பிள்ளைகள் குடிக்கிறார்கள். நீயும் குடி. ஏசியில் உட்கார்ந்தால் தாகம் தெரியாது என்பார்கள்.

ஐந்தாம் வகுப்பு வரைக்கும் காலைச் சாப்பாடு அரசாங்கம் போடுகிறது. நம் பள்ளிக்கு ஆறாம் வகுப்பு வந்த பிள்ளைக்கு அது நின்றுவிடுகிறது. போன வருஷம் சாப்பிட்ட வயிறு இந்த வருஷம் பத்து மணிக்கே சமையல்கூடத்து வாசலில் வந்து நிற்கிறது. அந்தப் பக்கம் பதினொன்றும் பன்னிரண்டும் கணக்கிலேயே கிடையாது. மதியச் சாப்பாடு பத்தாம் வகுப்பு வரைதான். சைக்கிள் வாங்கின பெரிய பையன்கள் கை கழுவுகிற மாதிரி வந்து அண்டாவை எட்டிப் பார்ப்பார்கள். மிச்சம் இருந்தால் போடுவேன். இதை யாரிடமும் சொல்லாதே.

தமிழம்மா இன்றைக்குப் பரீட்சை எழுதப் போயிருக்கிறார். செப்டம்பர் 1ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பு வந்ததே, வேலையில் இருக்கிற ஆசிரியர்களும் இரண்டு வருஷத்துக்குள் டெட், அந்த ஆசிரியர் தகுதித் தேர்வு, தேறியாக வேண்டும் என்று. ரிட்டையர் ஆக ஐந்து வருஷம்கூட இல்லாதவர்கள்தான் தப்பித்தார்கள். இவருக்கு ஏழு வருஷம் இருக்கிறது. 22 வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவர், அந்த 150 கேள்வியில் 60 சமூக அறிவியலாம். சாப்பாட்டு இடைவேளையில் எட்டாம் வகுப்புப் பிள்ளையிடமே புத்தகத்தை இரவல் வாங்கிப் படிக்கிறார். "பெயிலானால்?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "ஆனா என்ன, மறுபடி எழுதறேன். பசங்க பெயிலானா அப்படித்தானே சொல்றோம்" என்றார். ஸ்டாஃப் ரூமில் அத்தனை பேருக்கு எதிரில். எனக்கு அந்தத் தைரியம் வராது.

இயற்பியல் பி.ஜி. இடம் காலியாக இருந்ததே, பள்ளி மேலாண்மைக் குழு மூலமாக ஒரு பெண்ணைப் போட்டிருக்கிறார்கள். உனக்கு இரண்டு வருஷம் ஜூனியர், அய்யனார் கோவில் தெரு. சென்னையில் என்னவோ வேலை பார்த்தது, அது சரிப்படவில்லை என்று வந்துவிட்டது. 18000 தொகுப்பூதியம், அதுவும் நிரந்தரம் இல்லை. யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை தம்பி. தனக்குப் பாடம் எடுத்தவர்களோடு உட்கார்ந்து டிபன் சாப்பிடுகிறது. நான் சும்மா செய்திக்காகத்தான் சொல்கிறேன்.

டிராயிங் சார் நினைவிருக்கிறாரா? நீ பத்தாவது போன வருஷம் பகுதிநேர ஆசிரியராக வந்தாரே, வாரத்துக்கு மூன்று அரை நாள். அன்றைக்கு 5000, இன்றைக்கு 12500. இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. மே மாதம் சம்பளமே கிடையாது. போன வாரம் ஆபீஸ் ரூம் போர்டைப் புதுப்பித்தார், பத்தாம் வகுப்பில் முதல் மதிப்பெண் போர்டு. இடம் போதவில்லை, பழையதை அழித்துவிடலாம் என்றார்களாம். இவர் எழுத்தைச் சின்னதாக்கி எல்லாப் பெயரையும் உள்ளே கொண்டுவந்துவிட்டார். 2013, உன் பெயர், 471. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் முந்தானையால் துடைக்கப் போனேன், "ஈரம்மா, ஈரம்" என்று கத்தினார்.

அவரிடம் கேட்டேன், மே மாதம் என்னதான் செய்வீர்கள் சார் என்று. முதல் வருஷம் வீட்டில் சொல்லவே இல்லையாம். ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டு, காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பி, திருத்துறைப்பூண்டிப் பக்கம் போய்ச் சுவர் விளம்பரம் எழுதிவிட்டு, மண்ணெண்ணெயில் கையைத் துடைத்துக்கொண்டு வருவாராம். அவர் மனைவிக்கு வாசனையிலேயே தெரிந்துவிட்டதாம். தெரிந்தும் ஒரு மாதம் அந்த அம்மா கேட்கவில்லையாம்.

சரி, அதை விடு.

பணம் வந்தது. எப்போதும் 3ஆம் தேதி வரும், இந்தத் தடவை 11ஆம் தேதி வேறு யாரோ பெயரிலிருந்து வந்தது. வந்தது, அவ்வளவுதான். அனுப்பாவிட்டாலும் இங்கே ஒன்றும் முழுகிவிடாது. ஐ.டி. கம்பெனிகளைப் பற்றிப் பேப்பரில் என்னென்னவோ போடுகிறார்கள். ஏ.எச்.எம். அந்தப் பக்கத்தை மடித்து என் மேஜையில் வைத்தார். நான் அதில் முட்டை ஓட்டைக் கொட்டிக் கட்டிப் போட்டுவிட்டேன். தீபாவளிக்கு அனுப்பிய பார்சலும் திரும்பி வந்துவிட்டது. வீடு காலி என்று எழுதியிருந்தார்கள். கூரியர்க்காரர்கள் கதவு எண்ணைச் சரியாகப் பார்ப்பதில்லை. அதிரசத்தை ஸ்டாஃப் ரூமில் கொடுத்தேன். மகன் வாங்கி அனுப்பினதா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். நம் வீட்டு அதிரசம் அவர்களுக்குத் தெரியாதா? எல்லோரும் பேசாமல் சாப்பிட்டார்கள்.

நீ வேளைக்குச் சாப்பிடு. ராத்திரி தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு படுக்காதே.

கையெழுத்து விஷயம். ஊரில் இல்லாதவர்களுக்காக வீட்டில் ஒருவர் போட்டால் போதும் என்று எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஊர் முழுக்க நான்தான் "நீங்களே போடுங்கம்மா" என்று சொல்லி வாங்கிக்கொண்டிருக்கிறேன். உன் படிவத்தில் போடப் பேனாவைத் திறந்தேன். போட முடியவில்லை.

2011, காலாண்டுப் பரீட்சை. நீ ஒன்பதாவது. கணக்கில் 31. ரேங்க் கார்டில் என் கையெழுத்தை நீயே போட்டுக் கொண்டுபோய்விட்டாய். உன் வகுப்பாசிரியர் அதை எடுத்துக்கொண்டு சமையல்கூடத்துக்கே வந்தார். "இது உங்கள் கையெழுத்தாம்மா?" என்றார். நான் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் தட்டோடு வரிசையில். நீ ஆறாவதோ ஏழாவதோ ஆளாக நின்றாய். நான் கேட்கக்கூட இல்லை. கரண்டியாலேயே அடித்தேன். எத்தனை அடி என்று உனக்குத் தெரிந்திருக்கும், எனக்குத் தெரியாது. உன் வெள்ளைச் சட்டை முழுக்கச் சாம்பார். அந்தக் கறை போகவே இல்லை. இருந்ததே இரண்டு சட்டை, வருஷம் முடிய அதையும்தான் போட்டுக்கொண்டு போனாய்.

அந்த வருஷம் சமச்சீர் புத்தகம் கோர்ட்டில் மாட்டிக்கொண்டு ஆகஸ்ட் வரைக்கும் பிள்ளைகள் கையில் புத்தகமே இல்லை. அது தெரியாதவளா நான்? அதே வளாகத்தில்தான் இருந்தேன். கணக்கில் பாதி வகுப்பு பெயில். ஆனால் சத்துணவு டீச்சர் மகன் திருட்டுக் கையெழுத்துப் போட்டான் என்று பேசுவார்களே, அதுதான் எனக்கு முன்னால் நின்றது.

அன்றையிலிருந்து நீ பள்ளிக்கூடத்தில் சாப்பிடவில்லை. ஒன்பதும் பத்தும். பசிக்கவில்லை என்பாய். முன்னூறு பிள்ளைக்குப் போட்டுவிட்டு, உன் தட்டு வராததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வீம்பு, வரட்டும் என்று நானும் கூப்பிடவில்லை. அதைவிட, 471 வாங்கினாயே, அன்றைக்குத் தமிழம்மாவிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "அன்னைக்குப் போட்ட போடுதான் டீச்சர்" என்றேன். பெருமையாக. அவர் பதில் சொல்லவில்லை.

அப்புறம் ஒரு கெட்ட செய்தியும் நீ என்னிடம் சொன்னதில்லை. காலேஜில் கை ஒடிந்தது கட்டுப் பிரித்த பிறகுதான் எனக்குத் தெரியும். அடக்கமான பிள்ளை, அம்மாவுக்குக் கஷ்டம் கொடுக்காத பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இதை எழுத வேண்டும் என்று உட்காரவில்லை. படிவத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

படிவம் உள்ளே இருக்கிறது, இரண்டு பிரதி. பென்சிலால் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போடு. ஒன்று எனக்கு, ஒன்று உனக்கு. அங்கேயே நிலையாக ஒரு வீடு இருந்தால் அந்த ஊரில் கொடுத்துவிடு, நான் இங்கே இடம் மாறியவர் என்று குறித்துக்கொள்கிறேன். அப்படி இல்லையென்றால் இந்த முகவரியே இருக்கட்டும். எந்த எண்ணுக்குப் போன் செய்தாலும் எடுப்பேன். ராத்திரி எத்தனை மணியானாலும். நான் ஒன்றும் கேட்க மாட்டேன்.

வாட்ச்மேன் மகன் வந்துவிட்டான், வாசலில் ஹாரன் அடிக்கிறான். உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்
அம்மா

பி.கு.: பொருள்விளங்கா உருண்டை கொடுத்திருக்கிறேன், 20 இருக்கிறது. அவனுக்கு நாலு கொடு. டப்பா தமிழம்மாவுடையது, அவருக்குத் திரும்ப வேண்டும். கூரியரில் போடாதே.