ஞாயிற்றுக்கிழமை அறைக்குள்ளேயே இருக்காதே, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு, பெரம்பூரிலிருந்து அப்பா எழுதுவது. இயேசுவின் நாமத்தில் வாழ்த்துகள்.

நீ வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு ஒரு வரியில் பதில் போட்டிருக்கலாம், ஆனால் மனசு ஆறவில்லை, அதனால்தான் உட்கார்ந்து டைப் பண்ணுகிறேன். ஜெர்மனியில், டிரெஸ்டனில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து நம்ம சபை ஆராதனையை யூடியூபில் பார்த்துக்கொள்கிறேன், அது போதும்தானே என்று கேட்டிருந்தாய். போதாது. இங்கே காலை எட்டு மணி ஆராதனை என்றால் அங்கே கோடையில் அதிகாலை நாலரை. நீ நேரலையில் பார்ப்பதே இல்லை, பத்து மணிக்குக் கட்டிலில் படுத்துக்கொண்டு பிரசங்கத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டுகிறாய் என்று உன் தம்பி போட்டுக்கொடுத்துவிட்டான். (திட்டவில்லை. நம்ம ஆயர் பேசுகிற நிதானத்துக்கு எனக்கே அந்த ஆசை வரும்.) அந்த வசதியெல்லாம் எழுந்து நடக்க முடியாத உன் ஆச்சிக்கு. உனக்குக் கால் நன்றாக இருக்கிறது, கையில் டிராம் பாஸும் இருக்கிறது.

பக்கத்தில் இருப்பது லூத்தரன் சபை, ஜெர்மன் ஒரு வார்த்தை புரியாது, நான் அங்கே போய் என்ன செய்ய என்கிறாய். நம்ம சி.எஸ்.ஐ., அதான் தென்னிந்தியத் திருச்சபை, எங்கிருந்து வந்தது? 1947 செப்டம்பர் 27, நாடு சுதந்திரம் வாங்கி ஆறு வாரம்தான் ஆகியிருந்தது, நம்ம கதீட்ரல் ரோடு செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்று தனித்தனியாக இருந்தவர்கள் ஒரே சபையாக இணைந்தார்கள். அப்படிப்பட்ட சபையில் ஞானஸ்நானம் வாங்கின பிள்ளை, பெயர்ப்பலகையைப் பார்த்து வாசலில் தயங்குவது எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது. திருவிருந்து எடுக்கலாமா என்பது மட்டும் சந்தேகமென்றால் ஆராதனைக்கு முன்னால் ஆயரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள், ஆங்கிலத்திலேயே கேள்.

மொழி ஒரு தடையே இல்லை. எந்தப் பாட்டு என்று சுவரில் பலகையில் எண் போட்டிருப்பார்கள், நீ பாட்டுப் புத்தகத்தைத் திறந்தால் போதும். நம்ம பாமாலைப் பாட்டுகளில் நிறைய மெட்டு அந்த ஊரிலிருந்து வந்ததுதானே, ராகம் உனக்கு வந்துவிடும். பரமண்டல ஜெபம் சொல்லும்போது கோபுர மணி அடிக்கிற வழக்கம் அங்கே பல சபைகளில் உண்டு, ஹாம்பர்க்கில் கப்பல் நின்றபோது நானே கேட்டிருக்கிறேன். அவர்கள் அவர்கள் மொழியில் சொல்லட்டும், நீ தமிழில் சொல்.

கப்பல் என்றதும் ஞாபகம் வருகிறது. இன்ஜின் ரூமில் வாட்ச் டியூட்டி மாறி மாறிப் பார்க்கிறவனுக்கு ஞாயிறும் கிடையாது திங்களும் கிடையாது, மாதக்கணக்கில் கோயில் வாசலை மிதிக்காமலேயே போய்விடும். துறைமுகத்தில் கட்டினதும் கேங்வே படியில் ஏறிக் கப்பலுக்குள் வருகிற முதல் ஆள் ஏஜென்ட், அப்புறம் கஸ்டம்ஸ், அப்புறம் யாரென்றால் மாலுமிகள் மிஷனின் சாப்ளின், அதாவது கப்பல்காரர்களைப் பார்க்க வருகிற போதகர். 1856லிருந்து இதே வேலையாக இருக்கிறவர்கள், பறக்கும் தேவதூதன்தான் அவர்கள் சின்னம். வந்ததும் பிரசங்கம் பண்ண மாட்டார். போன் கார்டு வேண்டுமா, குளிருக்குக் குல்லாய் வேண்டுமா, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்பார். நேரம் இருந்தால் வேனில் ஏற்றிக் கடைக்கோ கோயிலுக்கோ கூட்டிப்போவார். ஒருமுறை ஆன்ட்வெர்ப்பில் சரக்கு இறங்கிக்கொண்டிருக்கும்போதே மெஸ் ரூமில் ஆராதனை நடந்தது. பிலிப்பைன்ஸ் பையன்கள் கிடார் வாசித்தார்கள், எல்லாரும் கத்தோலிக்கர்கள், நானும் ஒரு தூத்துக்குடிக்காரரும் மட்டும் சி.எஸ்.ஐ. பாய்லர் கரி ஒட்டின ஓவராலோடேயே உட்கார்ந்திருந்தோம். பெரம்பூரில் வருஷக்கணக்கில் கேட்ட வசனம்தான், "அந்நியரை உபசரிக்க மறவாதிருங்கள்" என்பது, ஆனால் அந்த அந்நியன் நான்தான் என்று உறைத்தது அன்றைக்குத்தான். அதுவரைக்கும் அதை நான் அடுத்தவனுக்குச் செய்ய வேண்டிய ஒரு தர்மமாகவே கேட்டுக்கொண்டிருந்தேன்.

உனக்கும் அதுதான் நடக்கப்போகிறது. இங்கே நீ சபைக் கமிட்டி மெம்பரின் மகள், வாலிபர் கூடுகையில் கீபோர்டு வாசிக்கிற பெண், உட்கார இடம் தானாகக் கிடைக்கும். அங்கே கடைசி பெஞ்சில் யாரென்றே தெரியாத ஒருத்தி. அந்தக் கூச்சத்தோடு போய் உட்கார். பழைய கிழக்கு ஜெர்மனிப் பக்கம், கோயில் காலியாகத்தான் இருக்கும், வருகிறவர்களும் வயசானவர்கள்தான், முதல் நாள் யாரும் வந்து பேசாமல்கூடப் போகலாம். அதைப் பார்த்து இவர்களுக்கு விசுவாசம் இல்லை என்று எனக்கு எழுதாதே. முடிந்ததும் காபி போடுகிற இடம் இருந்தால் ஓடிவிடாமல் நில், கப் கழுவுகிற அம்மாவோடு சேர்ந்து கழுவு. அதற்கு ஜெர்மன் தேவையில்லை.

தமிழ்க் கிறிஸ்தவர்கள் கூடுகிற ஐக்கியம் ஒன்றையும் தேடிக்கொண்டிருக்கிறேன் என்றாய். கிடைத்தால் சந்தோஷம், தயிர்சாதமும் கிடைக்கும். ஆனால் அது மட்டும் போதும் என்று இருந்துவிடாதே. ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் கதையைத் திரும்பப் படி, அப்போஸ்தலர் 18. கிலவுதியு ராயன் கட்டளையால் ரோமாபுரியை விட்டுக் கொரிந்துவுக்கு வந்தவர்கள், கூடாரம் பண்ணுகிற தொழில், அதே தொழில்காரனான பவுல் வந்து அவர்களிடத்திலேயே தங்கி வேலை செய்தான். அப்புறம் எபேசு, அப்புறம் மறுபடி ரோமாபுரி, அந்த இரண்டு ஊரிலும் அவர்கள் வீட்டிலேயே ஒரு சபை கூடியது. வேலையால் ஊர் ஊராக அலைகிற உன்னைப் போன்றவர்களுக்கு இதைவிட நெருக்கமான ஆட்கள் வேதத்தில் யார் இருக்கிறார்கள்?

ஒரு சனிக்கிழமை புல்ஸ்னிட்ஸுக்குப் போய்விட்டு வா. டிரெஸ்டனிலிருந்து காமென்ஸ் போகிற ரயிலிலேயே போகலாம், ரொம்பத் தூரமில்லை. மசாலா வாசனை அடிக்கிற கேக்குக்குப் பேர்போன சின்ன ஊர், மிஷனரி சீகன்பால்க் பிறந்த ஊரும் அதுதான். உன்னைவிடச் சின்ன வயசில், 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினான், பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து தமிழ் எழுதப் படித்தான், 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகிவிட்டது. 36 வயசில் அங்கேயே செத்தும் போனான். அந்த ஊர்ப் பையன் நம்ம ஊரில் மொழி தெரியாமல் பட்ட பாட்டைக் கொஞ்சம் நினைத்துக்கொண்டால் நீ ஒரு மணி நேர ஆராதனைக்கு இத்தனை யோசிக்க மாட்டாய்.

அப்புறம் ஒரு லௌகீக விஷயம். அங்கே வீட்டு விலாசம் பதிவு பண்ணும்போது மதம் என்ன என்று கேட்பார்கள். புராட்டஸ்டன்ட் என்று எழுதினால் சபை வரி பிடிப்பார்கள், நீ இருக்கிற சாக்சனி மாநிலத்தில் 9 சதவீதம். சம்பளத்தில் இல்லை, வருமான வரித் தொகையில் 9 சதவீதம், இதை உன் அம்மாவுக்குப் புரியவைக்க ஒரு சாயங்காலம் ஆயிற்று. உள்ளதை உள்ளபடி எழுது. பணத்துக்காக அந்தக் கட்டத்தைக் காலியாக விடுகிற ஆட்கள் உண்டு, நீ விடாதே.

உன்னால் இங்கேயும் ஒரு வேலை வந்துவிட்டது. நம்ம ஆங்கில ஆராதனைக்கு மிசோரம் பிள்ளைகள் கொஞ்சம் பேர் வருவார்களே, பின்னால் உட்கார்ந்துவிட்டு ஆசீர்வாதம் முடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். போன வாரம் அம்மா இரண்டு பேரை மறித்து மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துவந்துவிட்டாள். மீன் குழம்பு அவர்களுக்குக் காரமாக இருந்தது, மூக்கு சிந்திக்கொண்டே சாப்பிட்டார்கள், அடுத்த வாரமும் வருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

அம்மா பார்சலில் வைத்த அச்சுமுறுக்கு மீதி இருந்தால் ஞாயிற்றுக்கிழமை அந்தக் காபிக்கு எடுத்துப்போ. காராசேவு வேண்டாம்.

அன்புடன்,
அப்பா