காரின் அடித்தட்டைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையில் 2020 இல் நின்ற வாகன இறக்குமதி 2025 இல் மீண்டும் தொடங்கியும், வரிச்சுமையால் புதிய கார் எட்டாக்கனியே. ஆகவே பாவித்த காருக்குத்தான் மவுசு.

திருகோணமலையில் பலர் மினுக்கத்தையும், ஓடிய தூரம் காட்டும் மீட்டரையும் பார்த்தே முற்பணம் கொடுத்துவிடுகிறார்கள். மீட்டரைக் குறைப்பதா பெரிய வித்தை? உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்காற்றில் நின்ற வாகனமா என்று முதலில் விசாரியுங்கள். கராஜில் காரை உயர்த்தி, அடித்தட்டில் புதிதாக அடித்த கறுப்புப் பூச்சைத் திருப்புளியால் தட்டிப் பாருங்கள். துருவேறியிருந்தால் பொருக்குப் பொருக்காக உதிரும். விற்பவர் முகம் கோணினால் கோணட்டும்.

பதிவுப் புத்தகத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான கடிதம் கைக்கு வரும்வரை ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

கட்டணம் அறவிட்டாவது, வாகனத்தின் நிலையை எழுத்தில் தரும் அரச பரிசோதனை நிலையம் ஒன்றை இங்கே அமைத்தால் என்ன?

வாசகர்,
உவர்மலை, திருகோணமலை